செஞ்சியில் பூஜ்யம்

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

இன்று ஜெர்மன் கம்பெனிக்காரர் கடைக்கு வந்தார், ஒரு மணி நேரம் உட்கார்ந்தார், எதையும் விற்காமல் எழுந்து போனார். ஜெர்மன் என்றால் பெயர் நரேஷ், ஊர் வாலாஜாபேட்டை. சட்டைப் பையில் குத்தியிருக்கும் பேட்ஜ் மட்டும் ஜெர்மனி.

அவர் விற்க வந்தது பெட்டி. காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே சோப்பு டப்பா அளவில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கதவுப் பூட்டு, கண்ணாடி, வைப்பர், ஹாரன், இண்டிகேட்டர் எதுவும் அதன் கையெழுத்து இல்லாமல் நகராது. கொஞ்சம் தண்ணீர் பட்டால் போதும், வைப்பரைப் போட்டால் கதவு பூட்டிக்கொள்ளும். புதிது பதினாலாயிரத்து ஐந்நூறு.

லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஆறு மாத விற்பனை. திண்டிவனம் முப்பத்தொன்று, திருவண்ணாமலை நாற்பத்திரண்டு, செஞ்சி பூஜ்யம். போன வருஷம் மாதம் ஏழெட்டுப் பெட்டி எடுத்த வண்டி எலக்ட்ரிக்கல் கடை என்னுடையது.

"யார்கிட்ட எடுக்குறீங்க சார்? ஜப்பானா?"

நான் தலைக்கு மேலே மின்விசிறியைப் பார்த்தேன். சைக்கிளில் பல்பும் ஃபியூஸும் கட்டிக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் லாரிக்காரர்களை மடக்கி விற்ற காலத்தில் கற்றுக்கொண்டது இது. கேள்வி கேட்கிறவன் பதிலையும் கையோடு கொண்டு வந்திருப்பான். நாம் குறுக்கே போகக் கூடாது.

"அவங்க இன்னா ரேட் குடுக்குறாங்க?" என்றார், குரலைத் தாழ்த்தி.

மறுபடி மின்விசிறி.

"புரியுது சார்."

என்ன புரிந்ததோ. நாலு சதவீதம் கமிஷன் ஏற்றித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மின்விசிறிக்கு எண்ணெய் விட வேண்டும். பாவம், உழைக்கிறது.

12 செப்டம்பர், வெள்ளி

ஜப்பான் வந்தது. பெயர் இளமாறன், போளூர். இவரிடமும் லேப்டாப், இவரிடமும் செஞ்சி பூஜ்யம். "ஜெர்மன்காரன் உங்கள வளைச்சிட்டான்னு தெரியும்ண்ணே. ஆறு பர்சென்ட் ஏத்தித் தரேன். அறுபது நாள் கடன்."

இவருக்கும் மின்விசிறியையே காட்டினேன்.

13 செப்டம்பர்

சீனாக் கம்பெனியிலிருந்து போன், அனுஷா என்று ஒரு பெண், சென்னையிலிருந்து. பெட்டி நாலாயிரத்து இருநூறுதானாம். மூன்று நாட்டுக்கு என் கடைக்கு வழி தெரிகிறது. தீபாவளிக்கு அழைத்தால் மருமகனுக்குத்தான் தெரிவதில்லை.

18 செப்டம்பர், வியாழன்

வெளியே சொல்லாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். நான் யாரிடமும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. காரணம் மணிமொழி.

முப்பத்தொரு வயது, தொண்டூர்ப் பெண். ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரியில் எட்டு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தவள். அந்த ஃபேக்டரி செய்வதும் இதே பெட்டிதான், அதுவும் ஜெர்மன்காரனுக்காகவே. மிஷினில் தப்பாகி வரும் போர்டுகளைப் பிரித்துச் சரிசெய்யும் வரிசையில் அவளுக்கு வேலை. நிரந்தரம் கேட்டிருக்கிறாள். அடுத்த மாதமே காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்றிருக்கிறார்கள்.

பிப்ரவரியில் என்னிடம் பில் போட வந்தாள். ஒரு வாரம் ஆகியிருக்கும். ஒரு டிரைவர் கெட்டுப்போன பெட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் போனார். எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். "நைனாரே, இதுல ஒரு ரிலேதான் போயிருக்குது. முப்பத்தெட்டு ரூபா. தூக்கிப் போடுறாங்களே!"

அன்றிலிருந்து பல்பு ரேக்குக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, ஒரு சால்டரிங் அயர்ன். பெட்டி ரிப்பேருக்கு ஆயிரத்து ஐந்நூறு வாங்குகிறேன். அவலூர்பேட்டையிலிருந்தெல்லாம் வண்டி வருகிறது. மூன்று நாட்டையும் செஞ்சிக்குள் விடாமல் நிறுத்தியிருப்பது கோட்டைச் சுவர் இல்லை. அந்த மேஜைதான்.

அவளுக்குச் சம்பளம் பதினாலாயிரம். ஆகஸ்டில் நாலாயிரம் ஏற்றிக் கேட்டாள். "பாக்கலாம்" என்றேன்.

வீட்டில் திரிசலா கேட்டாள்: "நீங்க பாக்கலாம்னா இல்லன்னு அர்த்தம். கல்யாணமான மறு மாசமே எனக்குத் தெரிஞ்சிடுச்சி. அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

27 செப்டம்பர், சனி

புதுச்சேரியில் ஜெர்மன் கம்பெனியின் டீலர் விருந்து. ஏழு மணிக்கு வரச் சொல்லி ஒன்பதரைக்குச் சோறு போடுகிற வகை. நாங்கள் நைனார்கள், தமிழ்ச் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. மயிலம் தாண்டி வண்டியை ஓரம் கட்டி, திரிசலா கட்டிக் கொடுத்த இட்லியை ஐந்தரைக்கே முடித்துவிட்டுப் போனேன்.

என் காலித் தட்டைப் பார்த்துப் பார்த்து சர்வர் வருத்தப்பட்டார். மற்ற டீலர்கள் முதலில் கிளாசைக் காலி செய்தார்கள், பிறகு மனசை. கூட்டத்தில் காது முழுசாகத் திறந்திருந்த ஒரே ஆள் நான்தான்.

மூன்றாவது கிளாசில் நரேஷ் என் தோளில் சாய்ந்தார். "சார், எங்க ஆபீஸ் மேப்புல செஞ்சிக்கு செகப்பு வட்டம் போட்டு வச்சிருக்காங்க. ஜப்பான்காரன் கோட்டையப் புடிச்சிட்டான்னு பெரியவரு டெய்லி திட்றாரு. டிசம்பருக்குள்ள நீங்க எங்க பக்கம் வரலன்னா என்னைத் தூக்கி கவுஹாத்தில போட்டுடுவாங்க. எனக்கு இருபத்திரெண்டு பர்சென்ட் வரைக்கும் பவர் இருக்குது சார். ஆனா உங்ககிட்ட பதினாறுதான் சொல்லப் போறேன்."

"சொல்லுங்க" என்றேன்.

மராட்டியர் பிடித்தார்கள், மொகலாயர் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் பிடித்தார்கள். எங்கள் ஊர் வியாபாரிக்கு இருபத்திரண்டு சதவீதம் தருகிறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை.

4 அக்டோபர், சனி

இளமாறனிடம், "இருபத்திரெண்டு குடுக்குறவங்களும் இருக்காங்க தம்பி" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் இருபத்துமூன்றோடு திரும்பி வந்தார். அதை அனுஷாவின் காதில் போட்டேன். ஐம்பது பெட்டி அனுப்புகிறேன், விற்றபின் பணம் கொடுங்கள் என்றாள். அதை நரேஷிடம் சொன்னேன். நரேஷ் தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

மேஜையிலிருந்து தலை தூக்காமல் மணிமொழி சொன்னாள்: "நல்லா பேசுறீங்க நைனாரே."

பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

21 அக்டோபர், செவ்வாய்

தீபாவளி வரிசை வந்து சேர்ந்தது. ஜெர்மனியிலிருந்து அட்டைப் பெட்டியில் தேன் பாட்டில்கள். எங்கள் வீட்டில் தேன் தொடுவதில்லை. ஒன்றரை மாதமாக என் மார்க்கெட்டை அலசி ஆராய்கிறவர்களுக்கு இது தெரியவில்லை. ஜப்பான் ஒரு சுவர்க்கடிகாரம், ஐந்து நிமிஷம் பின்னால் ஓடுகிறது. சீனா வாட்ஸ்அப்பில் ஒரு விளக்குப் படம். செலவைக் கட்டுப்படுத்துகிறவர்கள்தான் கடைசியில் ஜெயிப்பார்கள்.

மணிமொழிக்கு ஆயிரம் ரூபாயும் தேன் பாட்டிலும் கொடுத்தேன். தேனை மட்டும் ரொம்பப் பாராட்டினாள்.

5 நவம்பர், புதன்

பௌர்ணமி. கிரிவலத்துக்குப் போகிற வண்டிகள். தூறல்.

ஐந்து மணிக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போய் ஆறுக்குத் திரும்பினேன். மணிமொழி கை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெர்மன் சாரு வந்தாரு. அவரு வண்டி ஹாரன் நிக்கவே இல்ல. பஸ் ஸ்டாண்டுலேந்து அடிச்சிக்கினே வந்து நின்னாரு. ஊரே வேடிக்கை பாத்துச்சி."

"நீ இன்னா பண்ண?"

"புதுப் பெட்டிக்கு போன் பண்ணாரு, மூணு நாளாவும்னு சொன்னாங்க. அழுதுடுவாரு போல இருந்துச்சி. பிரிச்சி சரி பண்ணிட்டேன். ஆயிரத்தி ஐந்நூறு, பில் போட்டாச்சி."

"ஏதாவது சொல்லி அனுப்பக் கூடாதா?"

"இன்னான்னு நைனாரே? ஹாரன் தானா ஓஞ்சிடும்னா?"

"அவரு இன்னா சொன்னாரு?"

"மேஜையவே ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் நம்பர் கேட்டாரு."

"கடை நம்பரா?"

"என் நம்பரு."

14 நவம்பர், வெள்ளி

ஜெர்மன் ஒப்பந்தம் ஈமெயிலில் வந்தது. பதினோரு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் பல்பு அட்டையோடு நின்றுவிடும். கடையில் இங்கிலீஷ் தெரிந்த ஆள் மணிமொழிதான். பிரிண்ட் எடுத்து வாசித்து, தமிழில் சொல்லு என்றேன்.

முப்பது வருஷ வியாபாரத்தில் என் புத்திசாலித்தனத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

சொன்னாள். இருபத்திரண்டு சதவீதம். விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் அறுபதாயிரம் உத்தரவாதம், மூன்று வருஷத்துக்கு. ஆறாவது, பெயர்ப்பலகை நீல நிறம். ஏழாவது, கடை எல்லைக்குள் எலக்ட்ரானிக் பெட்டி எதையும் பிரிக்கவோ ரிப்பேர் செய்யவோ கூடாது, செய்கிறவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவும் கூடாது. எட்டாவது, வழக்கு வந்தால் சென்னைக் கோர்ட்.

ஆறுக்கும் எட்டுக்கும் இருந்த அதே குரல்தான் ஏழுக்கும். காகிதத்தை மடித்து வைத்தாள். "டீ சொல்லட்டுமா நைனாரே?"

"சொல்லு" என்றேன்.

பதினோரு பக்கத்துக்கும் நான் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

15 நவம்பர், சனி

மேஜையில் மழைக்காலத்தில் எழுபதாயிரம் வரும், வெயில் காலத்தில் முப்பது. உத்தரவாதம் என்றால் எல்லா மாதமும் அறுபது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மேஜையைத்தானே எடுக்கச் சொல்கிறான், ஆளையா? இல்லை, ஆளையும்தான். அதே வரியில் இருக்கிறது. பில் போடுகிறவளாக வைத்துக்கொண்டால்? அந்தக் கையை வைத்துக்கொண்டு பல்புக்குப் பில் போடு என்பதா? கார்த்திகை தீபம் முடியட்டும், பதமாகச் சொல்லிவிடலாம்.

யாரிடம், எதைச் சொல்வது? வாசித்ததே அவள்.

22 நவம்பர், சனி

எதிர் டீக்கடை கோவிந்தசாமி இன்று சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா நைனாரே, நீங்க சாப்டப் போனதும் உங்க கடைக்கு காரு வருது? முந்தாநாள் ஜப்பான், நேத்து ஜெர்மன். இன்னிக்கு யாரு முறை? எனக்கு இன்னா, டீ ஓடுது. நல்லா இருக்கட்டும்."

பொழுது இப்போது ஐந்தே முக்காலுக்கு முன்பே சாய்ந்துவிடுகிறது. ஐந்திலிருந்து ஆறு வரை நான் கடையில் இல்லை. புதுச்சேரியில் என்னைக் கெட்டிக்காரனாக்கிய பழக்கம் செஞ்சியில் என்னை முட்டாளாக்கிக்கொண்டிருக்கிறது.

24 நவம்பர், திங்கள்

இன்று சாப்பாட்டைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி, கல்லாவில் உட்கார்ந்தே சாப்பிட்டேன். ஆறு மணி வரை ஒரு கார் இல்லை. மணிமொழி அமைதியாக ரிலே மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆறு ஐந்துக்கு இளமாறன் போன் செய்தார். "அண்ணே, இன்னிக்கு ஊட்டுக்கு சாப்டப் போலியா? ஒடம்பு ஒண்ணும் இல்லியே?"

3 டிசம்பர், புதன்

தீபம். காலையிலிருந்து மழை. சென்னையிலிருந்து வருகிற வண்டியெல்லாம் செஞ்சி தாண்டித்தான் திருவண்ணாமலை போக வேண்டும். பாதிப் பெட்டிகள் என் வாசலோடு நின்றன. கண்ணாடி ஏறாத வண்டி, வைப்பர் ஓடாத வண்டி, ஓட்டுகிறவரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்ட வண்டி ஒன்று. மணிமொழி மதியம் நின்றுகொண்டே தயிர் சாதம் சாப்பிட்டாள். ஐந்து மணிக்குள் பத்தொன்பது.

ஒப்பந்தம் என் சட்டைப் பையில் இருந்தது. இன்றைக்குள் கையெழுத்துப் போட்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் நரேஷ். மழையில் அதன் ஓரம் ஊறிக்கொண்டிருந்தது.

"மணி அஞ்சாச்சி. போய் சாப்டுட்டு வாங்க நைனாரே."

"இன்னிக்கு வேணாம்."

"பட்டினி கெடந்து எம்மேல பாவத்தப் போடாதீங்க. இன்னிக்கு யாரும் வரமாட்டாங்க. தீபம்."

தெரிந்தே சொல்கிறாள். இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டே விட்டேன். "உன்கிட்ட இன்னாதான் கேக்குறாங்க?"

அயர்னைத் தாங்கியில் வைத்தாள். "ஜெர்மன் சாரு ஒரகடத்துலயே வேலை தராராம். பர்மனென்ட், முப்பத்திரெண்டாயிரம். எட்டு வருசம் கேட்டப்போ இல்லாத பர்மனென்ட்டு. ஜப்பான்ல முப்பத்தஞ்சி. அனுஷா மேடம் திண்டிவனத்துல எம் பேர்லயே ரிப்பேர் சென்டர் வச்சித் தரேங்கறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"மின்விசிறியப் பாத்தேன்."

மேகத்தில் சூரியன் எப்போது போனது என்றே தெரியவில்லை. சாப்பிடவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

6 டிசம்பர், சனி

நரேஷ் வந்தார், நான் இருக்கும்போதே. "நல்லா இருக்கீங்களா சார்" என்று நடந்தபடியே கேட்டுவிட்டு நேராகப் பல்பு ரேக்குக்குப் பின்னால் போனார். மூன்று மாதம் என் வாசலில் நின்ற உலகச் சந்தை இப்போது அங்கேதான் நிற்கிறது. நாற்காலிகூட நான்தான் எடுத்துப் போட்டேன்.

போகும்போது பிடித்துக் கேட்டேன். "நம்ம அக்ரிமென்ட்டு?"

"அது ஹோல்டுல இருக்கட்டும் சார். மேடம் ஒரு முடிவு சொல்லட்டும்."

மேடம்!

கணக்கு சரிதான், நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே போடுவேன். அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் செஞ்சி பூஜ்யம் தானாக மறையும். பிறகு எனக்கு எதற்கு அறுபதாயிரம்? அவர்கள் விலை பேசியது என்னையல்ல. என் பின்னால் இருந்தது யார் என்று தெரியாமல் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நானும் என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

திரிசலாவிடம் சொன்னேன். அனுதாபம் எதிர்பார்த்தது என் தப்பு. "மூணு நாடும் அவகிட்ட போய் நின்னாச்சி. நீங்கதான் பாக்கி. நாளைக்கு அந்த மேஜைக்குப் பக்கத்துல போய் நில்லுங்க, முதலாளியா இல்ல, வாங்க வந்தவனா. பாக்கலாம்னு மட்டும் வாயத் தெறக்காதீங்க."

7 டிசம்பர்

ஞாயிறு, கடை லீவு. இருந்தாலும் போய்த் திறந்து உட்கார்ந்திருந்தேன். அந்த மேஜையில் நான் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைப் போட்டும் தெரியவில்லை.

10 டிசம்பர், புதன்

நான் போய் நிற்பதற்கு முன்பே மணிமொழி ஒரு காகிதம் நீட்டினாள். ஒரே பக்கம், தமிழில். என் பிரிண்டர், என் மை, என் காகிதம்.

"படிச்சிப் பாருங்க நைனாரே. இல்ல, நான் படிக்கட்டுமா?"

"நானே படிக்கிறேன்."

எந்தக் கம்பெனிக்கும் போகவில்லை என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அங்க போர்டு எனக்கு முன்னாடி ஓடிக்கினே இருக்கும். ஒண்ணுக்குப் போவணும்னாலும் கை தூக்கணும். இங்க நான் நிறுத்துனா நிக்குது. திண்டிவனம் போனா ஆறே முக்கா தொண்டூர் பஸ்ஸ விட்டுடுவேன்."

ஜெர்மனி, ஜப்பான், சீனா மூன்றும் சேர்ந்து ஒரு டவுன் பஸ்ஸிடம் தோற்றன. நரேஷுக்கு அவளே போன் செய்து சொல்லியிருக்கிறாள். கவுஹாத்தியில் டிசம்பரில் குளிருமாம், தேன் எடுத்துப் போகச் சொல்லலாம்.

என்னிடம் இருப்பதற்கும் காரணம் பாசமில்லை. இந்த ரோட்டில் வண்டி நிற்பது என் கடை வாசலில், அது அவளுக்குத் தெரியும். எனக்கும் அதுதான் நிம்மதி. பாசத்தை நம்பி நான் ஒருநாளும் வியாபாரம் செய்ததில்லை.

முதல் வரியில் அவளுக்கு எழுபது, எனக்கு முப்பது என்று போட்டிருந்தாள். நான் ஐம்பது ஐம்பது என்றேன். அவள் மேலே பார்த்தாள். அந்த மின்விசிறியை நாளைக்கே கழற்றிவிட வேண்டும். அறுபதுக்கு வந்து நின்றோம். கோவிந்தசாமி சாட்சிக் கையெழுத்துப் போட்டார், டீக் காசு என் கணக்கில்.

முடிவானது இது. ரிப்பேர் வருமானத்தில் அறுபது அவளுக்கு, நாற்பது எனக்கு, ஐந்து வருஷத்துக்கு. சம்பளம் இனி இல்லை. இடமும் கரண்ட்டும் என் பொறுப்பு, ரிலேயும் கருவியும் அவள் பொறுப்பு. எந்த நாட்டுப் பெட்டியையும் விற்கலாம், எந்த நாட்டோடும் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. பலகையில் அவள் பெயரும், என் பெயர் அளவுக்கே. மாலை ஐந்திலிருந்து ஆறு வரை கல்லாச் சாவி அவளிடம், நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். ஏழாவதாக, கடைக்கு எந்த ஒப்பந்தம் வந்தாலும் அவளே வாசிப்பாள், நான் கேட்பேன், கடைசி வரி வரைக்கும் டீ கிடையாது.